கோள்களுக்குப் பெயர் வந்த விதம்: வெறுங்கண்ணால் நாமே பார்த்தறிய ஒரு முழு வழிகாட்டி

எகிப்தில் மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு எழுப்பிய கல்லறைகளின் உட்கூரையில் வானத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். கோள்கள் தெய்வ உருவில் படகேறிப் போகின்றன. செவ்வாய்க்கு உரிய இடத்தில் சில கூரைகளில் ஒரு குறிப்பு உண்டு: 'இவன் பின்னோக்கிப் பயணிக்கிறான்.'

சின்ன வாக்கியம்தான். ஆனால் அதை எழுத ஒருவர் எத்தனை இரவு விழித்திருக்க வேண்டும்! செவ்வாய் நட்சத்திரங்களுக்கு நடுவே பின்னால் நகர்வது ஏறக்குறைய 26 மாதங்களுக்கு ஒரு முறைதான், அதுவும் இரண்டரை மாதம் போல. போன மாதம் அது எந்த விண்மீனுக்குப் பக்கத்தில் இருந்தது என்பது மனசில் நிற்காதவருக்கு இது கண்ணில் படவே படாது.

கோள்களின் பெயர்களை நாம் கதைகளாகவே கேட்டுப் பழகிவிட்டோம். யார் யாருக்கு மகன், யாருக்கு யார் பகை என்று போகும். அந்தக் கதையைக் கொஞ்சம் சுரண்டினால் அடியில் ஒரு பார்வைக் குறிப்பு கிடைக்கும்: நிறம், வேகம், எந்த நேரத்தில் எந்தத் திசையில் என்பது. கண் முதலில் பார்த்தது, கதை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்பது என் எண்ணம். அந்தக் கண் போன வழியிலேயே நாமும் போய்ப் பார்க்கத்தான் இந்த வழிகாட்டி. தொலைநோக்கி வேண்டாம். கிழக்கும் மேற்கும் மறைக்காத ஒரு இடம், ஒரு நோட்டு, பேனா, இரண்டு ஆண்டுப் பொறுமை. இதில் கடைசியாகச் சொன்னதுதான் கிடைப்பது கடினம்.

படி 1: நகராதவற்றை முதலில் பழகுங்கள்

புதிதாக வானம் பார்க்கிறவர்கள் நேரே கோளைத் தேடப் போவார்கள். பழங்காலத்தார் அப்படிச் செய்யவில்லை. நகர்வதைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் நகராதது எது என்று முதலில் தெரிய வேண்டும். இன்றைய இராக்கில் வாழ்ந்த பாபிலோனியர்கள் கோள்களைக் குறிக்கப் பயன்படுத்திய 'பிப்பு' என்ற சொல்லுக்குக் காட்டு ஆடு என்று பொருள். மற்ற மீன்கள் வரிசை கலையாமல் போகும் மந்தை, இவை மட்டும் இஷ்டத்துக்குத் திரிகிறவை. கிரேக்கர்களின் 'பிளானேட்டஸ்' என்ற சொல்லும் அலைபவர் என்றே பொருள்படும்.

நம் சொல் வேறு மாதிரி. 'கிரகம்' என்றால் பற்றுவது. 'கோள்' என்பதும் 'கொள்' என்ற வினையிலிருந்து வந்ததுதான். அவர்கள் அது திரிவதைப் பார்த்தார்கள், நம்மவர்கள் அது பிடிப்பதைப் பார்த்தார்கள்.

மந்தையை முழுக்கப் பழக வேண்டியதில்லை. சூரியன், சந்திரன், கோள்கள் எல்லாம் வானில் ஏறக்குறைய ஒரே பாதையில்தான் போகும். அந்தப் பாதையோரத்து மீன்கள் தெரிந்தால் போதும். இந்தியாவில் 27 நட்சத்திரங்கள், சீனாவில் 28 வீடுகள், பாபிலோனில் முப்பதை ஒட்டிய எண்ணிக்கையில் அடையாள மீன்கள் என்று எல்லோரும் இந்தப் பாதைக்குத்தான் மைல்கல் நட்டார்கள். நீங்கள் ஐந்தோடு தொடங்கலாம்: கார்த்திகைக் கொத்து, ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை. பஞ்சாங்கத்தில் பெயராக மட்டுமே தெரிந்த இவை மேலே நிஜமாகவே எரிந்துகொண்டிருக்கின்றன என்பதை முதல் தடவை காணும்போது கொஞ்சம் சிலிர்க்கும்.

அளப்பதற்குக் கை போதும். கையை நேரே நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை (டிகிரி). சுண்டு விரலின் அகலம் 1 பாகை. முழு நிலவே அரை பாகைதான், அதாவது அரைச் சுண்டு விரல். நம்ப மாட்டீர்கள், பௌர்ணமியன்று விரலை நீட்டிப் பாருங்கள். பாபிலோனியர்களும் வானத்தை முழத்தாலும் விரலாலும்தான் அளந்தார்கள். அவர்களுடைய வான முழம் 2 பாகைக்குச் சற்று அதிகம். செவ்வாய் இந்த மீனுக்கு மேலே இத்தனை முழம், இத்தனை விரல் என்று எழுதி வைத்தார்கள்.

படி 2: திரிகிறவனைப் பிரித்தெடுங்கள்

அந்தப் பாதையில் உங்களுக்குத் தெரிந்த மீன்களுக்கு நடுவே தெரியாத ஒன்று பளிச்சென்று நின்றால் அதைச் சந்தேகப்படுங்கள். நட்சத்திரம் மினுக்கும், கோள் மினுக்காது என்பது பாடப்புத்தகத்தில் உள்ளதே. நட்சத்திரம் வெறும் புள்ளி. காற்றின் அலைவில் அதன் ஒளி துள்ளுகிறது. கோளுக்குச் சிறிய வட்டப் பரப்பு இருப்பதால் துள்ளல் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள். அடிவானத்தை ஒட்டி நிற்கும்போது வெள்ளிகூடப் பச்சையும் சிவப்புமாகத் துள்ளும். ஒரே நம்பகமான சோதனை, பக்கத்து மீன்களோடு சேர்த்துப் படம் வரைந்து, பத்து நாள் கழித்து மறுபடி வரைவது. இடம் மாறியிருந்தால் கோள். செவ்வாயும் வெள்ளியும் பத்து நாளில் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். சனிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

படி 3: எழுதுங்கள், பார்க்காத நாளையும்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு மீதிப் படிகள் எதுவும் பலிக்காது.

பாபிலோனில் வானத்துக்கு நாட்குறிப்பு எழுதினார்கள். களிமண் பலகையில், ஆப்பு வடிவ எழுத்தில். இன்று கிடைப்பவற்றில் மிகப் பழையது கி.மு. 652-ஐச் சேர்ந்தது, கடைசியானது கி.மு. 61. கிட்டத்தட்ட ஆறு நூற்றாண்டு. ஆட்சி மாறியது, பாரசீகர் வந்தார்கள், கிரேக்கர் வந்தார்கள், பலகை மட்டும் நிற்கவில்லை. நிலவும் கோள்களும் எங்கே நின்றன என்பதோடு, ஒரு ஷெக்கெல் எடை வெள்ளி உலோகத்துக்கு எவ்வளவு வாற்கோதுமை, எவ்வளவு பேரீச்சை, எள், கம்பளி கிடைத்தது, யூப்ரட்டீஸ் ஆற்றில் நீர்மட்டம் எவ்வளவு என்றெல்லாம் அதே பலகையில் உண்டு. கி.மு. 323 ஜூன் மாதத்துக்குரிய பலகையில் அலெக்சாந்தரின் மரணம் வருகிறது. 'அரசர் இறந்தார்' என்று ஒரு வரி. அதை அடுத்து மேகம் பற்றிய குறிப்பு. உலகையே புரட்டிப்போட்ட சாவும் எழுதியவருக்கு அன்றைய இரவின் குறிப்புகளில் ஒன்றுதான்.

எனக்கு அதில் மிகப் பிடித்தது அடிக்கடி வரும் இன்னொரு சிறு குறிப்பு: மேகம் இருந்தது, பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்த்ததாக எழுதவில்லை, அந்த நாளை விட்டுவிடவும் இல்லை. உங்கள் நோட்டிலும் அப்படியே செய்யுங்கள். ஒரு இரவுக்கு நான்கு விஷயம் போதும்: தேதியும் நேரமும், எந்த மீனுக்கு எந்தப் பக்கம் எத்தனை விரல், நிறமும் பிரகாசமும் (தெரிந்த ஒரு நட்சத்திரத்தோடு ஒப்பிட்டு), வானம் எப்படி இருந்தது. மேகம் என்றால் மேகம் என்று எழுதுங்கள். மொபைல் செயலியில் விடையைத் திறந்து பார்ப்பது எழுதி முடித்த பிறகுதான். முதலிலேயே பார்த்துவிட்டால் கண் சொல்வதை விட்டுவிட்டு செயலி சொன்னதைத்தான் எழுதுவோம்.

படி 4: வெள்ளி

தொடங்குவதற்கு வெள்ளியைவிட நல்ல கோள் இல்லை. சூரியன், நிலவுக்கு அடுத்து வானில் மிகப் பிரகாசமானது. தமிழ்ப் பெயரே நிறத்தைச் சொல்லிவிடுகிறது. சங்கப் பாடல்களில் 'வெண்மீன்' என்றும் வரும். சீனர்கள் 'தாய்பாய்' என்றார்கள், 'மகா வெண்மை' என்று பொருள். மத்திய அமெரிக்காவின் மாயர்கள் 'சக் ஏக்' என்றார்கள், 'பெரிய மீன்'. ஒருவரை ஒருவர் கேட்டா வைத்தார்கள்? கண் ஒன்று, கோள் ஒன்று, பெயரும் ஒரே சாயலில் வந்தது.

வெள்ளி ஒருபோதும் நடு இரவில் உச்சியில் நிற்காது. சூரியனிலிருந்து 47 பாகைக்கு மேல் விலகாது, அதாவது ஐந்து முஷ்டிக்குள். அதனால் ஒன்று மாலையில் மேற்கே தெரியும், இல்லாவிட்டால் விடியலில் கிழக்கே. மாலையில் தெரியத் தொடங்கும் வாரத்திலிருந்து குறித்து வாருங்கள். சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழித்து, ஒரே இடத்தில் நின்று, அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி என்று. வாரம் ஒரு முறை போதும். முதலில் மெல்ல, மிக மெல்ல சூரியனிலிருந்து விலகும். சூரியனுக்குப் பின்னாலிருந்து புறப்பட்டு அதிகபட்ச விலகலுக்கு வர ஏழு மாதத்துக்கு மேல் ஆகிறது. பிறகு திரும்பிச் சூரியனுக்குள் மூழ்க இரண்டரை மாதம்கூட ஆகாது. கடைசி வாரங்களில் ஒவ்வொரு மாலையும் இறங்குவது கண்ணுக்கே தெரியும். நேற்று மாடிச் சுவருக்கு மேலே நின்றது, இன்று சுவருக்குக் கீழே.

பிறகு காணாமல் போகும். சராசரியாக எட்டு நாள். அப்புறம் ஒரு விடியற்காலையில் கிழக்கே முளைக்கும்.

மாலையில் மேற்கே போனதும் விடியலில் கிழக்கே வந்ததும் ஒன்றுதான் என்று எப்படித் தெரியும்? கிரேக்கர்கள் வெகுநாள் இரண்டு பெயர் வைத்திருந்தார்கள். மாலையில் ஹெஸ்பெரோஸ், காலையில் பாஸ்போரோஸ், 'ஒளி கொண்டுவருபவன்'. இரண்டும் ஒன்றே என்று கண்ட பெருமையைச் சிலர் பித்தாகோரசுக்கும் சிலர் பார்மெனிடீசுக்கும் கொடுத்தார்கள். ஆனால் அவர்களுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஊருக் நகரத்துக் களிமண் பலகைகளில் 'காலை இனான்னா', 'மாலை இனான்னா' என்று ஒரே தேவியின் இரண்டு வடிவங்கள் வந்துவிட்டன. பின்னாளில் அவளே இஷ்தார் ஆனாள். காதலுக்கும் போருக்கும் சேர்த்து ஒரே தேவி என்பது விசித்திரமாகத் தோன்றும். மாலையில் ஒருத்தி, எட்டு நாள் மறைந்து விடியலில் வேறொருத்தி என்று மாறிய கோளைப் பார்த்தவர்களுக்கு அது அவ்வளவு விசித்திரமாக இருந்திருக்காது.

இந்த மறைவையும் வரவையும் 21 ஆண்டுகளுக்குப் பட்டியலிட்ட ஒரு பலகை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாபிலோன் அரசர் அம்மிசதுகாவின் காலத்துப் பதிவு, நினிவே நூலகத்தில் கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் எடுத்த படியாக நமக்குக் கிடைத்தது. எந்த மாதம் எந்த நாள் எந்தத் திசையில் மறைந்தது, எத்தனை நாள் காணவில்லை, எந்த நாள் எந்தத் திசையில் தோன்றியது, அதனால் நாட்டுக்கு என்ன வரும் என்று ஒவ்வொரு பதிவும் போகிறது. கடைசிப் பகுதி சகுனம். அதை ஒதுக்கிவிட்டாலும் முதல் மூன்றும் சுத்தமான அவதானிப்பு.

மாயர்கள் இதை இன்னொரு எல்லைக்குக் கொண்டுபோனார்கள். இன்று டிரெஸ்டன் நகர நூலகத்தில் உள்ள அவர்களுடைய மடிப்புச் சுவடியில் வெள்ளிக்கென்றே ஓர் அட்டவணை உண்டு. காலையில் 236 நாள், மறைவு 90, மாலையில் 250, மறைவு 8. கூட்டினால் 584. உண்மையான சராசரி 583.92. நடுவில் உள்ள எண்கள் வானத்தோடு சரியாகப் பொருந்தாது. 236 என்பது எட்டுச் சந்திர மாதம், ஆக நிலவோடு ஒத்துப்போகும்படி வளைத்திருக்கிறார்கள் போலும். ஆனால் அந்தக் கடைசி எட்டை மட்டும் வளைக்கவில்லை. அதற்குப் பிறகு வரும் விடியலைத்தான் அவர்கள் அஞ்சினார்கள். சுவடியில் வெள்ளி ஈட்டி எறியும் தெய்வமாக நிற்கிறான்.

சங்கப் புலவர்களுக்கும் வெள்ளியிடம் ஓர் அச்சம் இருந்தது. வெள்ளி தெற்கே சாய்ந்தால் மழை பொய்க்கும் என்பார்கள். அப்படியானாலும் பொய்க்காதது காவிரி என்று பட்டினப்பாலை தொடங்கும். மழைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் வெள்ளி மறையும் இடம் அடிவானத்தில் வடக்கும் தெற்குமாக நகர்வது உண்மை. மேற்கே ஒரு மரத்தையோ கோபுரத்தையோ அடையாளமாக வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் நீங்களே காணலாம்.

படி 5: செவ்வாய்

இரண்டு ஆண்டுப் பொறுமை என்றது இதற்காகத்தான்.

முதலில் நிறம். தமிழில் செம்மை, எகிப்தில் 'சிவந்த ஹோரஸ்' (ஹோரஸ் அவர்களுடைய தெய்வம்), கிரேக்கத்தில் 'பைரோயிஸ்' அதாவது தீப்போன்றவன், சமஸ்கிருதத்தில் 'அங்காரகன்' அதாவது கனன்ற கரி. சீனத்தில் தீ மீன். நெருப்பும் ரத்தமும் நினைவுக்கு வந்த இடத்தில் போர்த் தெய்வம் வந்து உட்கார்ந்தது: பாபிலோனில் நெர்கல், கிரேக்கத்தில் ஏரிஸ், ரோமில் மார்ஸ். சிவப்பு என்று சொன்னாலும் நேரில் பார்த்தால் ஆரஞ்சுதான், அணையப் போகும் தணல் மாதிரி. சரிபார்க்க ஒரு வழி, கேட்டையோடு ஒப்பிடுவது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை செவ்வாய் கேட்டைக்குப் பக்கத்தில் போகும். அப்போது எது எது என்று குழம்பும். கேட்டையின் மேற்கத்தியப் பெயரான 'அண்டாரஸ்' இந்தக் குழப்பத்தில் பிறந்தது. ஏரிஸுக்குப் போட்டி என்று பொருள். ஒரு கோள் அருகில் போனதால் நட்சத்திரத்துக்குப் பெயர் கிடைத்திருக்கிறது.

அடுத்தது பிரகாசம். நள்ளிரவிலும் தெரியக்கூடிய கோள்களில் வேறெதுவும் இப்படி ஏறி இறங்காது. தொலைவில் இருக்கும்போது சாதாரண மீன்போல் மங்கியிருக்கும், கிட்டே வரும்போது அதைவிட ஐம்பது மடங்குக்கும் மேல் பளிச்சிடும். சீனர்கள் இதை 'யிங்ஹுவோ' என்றார்கள். மினுங்கி மயக்குபவன் என்று சொல்லலாம். எவ்வளவு கடுப்பில் வைத்த பெயரோ!

அந்த மயக்கத்தின் உச்சம்தான் வக்ரம், பின்னோக்கிப் போவது. இதை நேரில் காண ஒரு வாய்ப்புச் சொல்கிறேன். 2027 பிப்ரவரி 19 அன்று செவ்வாய் சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது. அதற்கு முன்னும் பின்னுமாக ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் இறுதிவரை மகம் நட்சத்திரத்தின் அக்கம்பக்கத்தில் பின்னோக்கி நகரும். 2026 டிசம்பரிலேயே தொடங்கிவிடுங்கள். ஒரு தாளில் மகத்தையும் சுற்றியுள்ள மீன்களையும் வரைந்துகொண்டு ஐந்து நாளுக்கு ஒரு முறை செவ்வாயின் இடத்தில் ஒரு புள்ளியும் தேதியும் வையுங்கள். முதலில் புள்ளிகள் கிழக்கு நோக்கிப் போகும். இடைவெளி குறையும். நிற்கும். பிறகு வந்த வழியே மேற்கே திரும்பும், மறுபடி நிற்கும், மறுபடி கிழக்கே போகும். ஏப்ரல் கடைசியில் தாளில் ஒரு கொண்டை ஊசி வளைவு இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: அடையாள மீனை மாற்றாதீர்கள். என் முதல் செவ்வாய்ப் படம் அப்படித்தான் பாழானது. அரை மேகமூட்டத்தில் பக்கத்து மீனை அடையாள மீன் என்று நினைத்துப் புள்ளி வைத்துவிட்டேன். மூன்று வாரம் செவ்வாய் என் தாளில் குதித்துக் குதித்துப் போயிற்று. மேகம், பார்க்கவில்லை என்று எழுதியிருந்தால் தப்பித்திருப்பேன்.

ஏன் இப்படி என்றால், உள்வட்டத்தில் வேகமாக ஓடும் பூமி வெளிவட்டத்தில் மெல்லப் போகும் செவ்வாயை முந்துகிறது. முந்தும்போது பக்கத்து ரயில் பின்னால் போவதுபோல் தெரிகிறதல்லவா, அதேதான். பூமி நகராது என்று நம்பியவர்களுக்கு இந்த விளக்கம் இல்லை. கிரேக்க வானியலாளர் தாலமி கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வட்டத்தின் மேல் வட்டம் வைத்துக் கணக்கைச் சரிக்கட்டினார். அந்தக் கணக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஓடியது.

அரிஸ்டாட்டில் ஒரு இரவு அரை நிலவு செவ்வாயை மறைப்பதைப் பார்த்தார். நிலவின் இருண்ட பக்கத்தில் உள்ளே போய், ஒளிர்ந்த பக்கத்தில் வெளியே வந்தது. அதிலிருந்து நிலவைவிடச் செவ்வாய் தொலைவு என்று முடிவுகட்டினார். இதே மறைப்பை இன்றும் காணலாம். எந்தக் கருவியும் இல்லாமல் தூரத்தைப் பற்றி நேரடியாக ஒரு செய்தி கிடைக்கும் வழி இது.

படி 6: வியாழனும் சனியும்

இவை மெல்லப் போகிறவை. பொறுமை வேண்டும், வேலை குறைவு.

வியாழன் சூரியனை ஒரு முறை சுற்ற 11.86 ஆண்டு. ஆண்டுக்கு ஏறக்குறைய 30 பாகை, அதாவது மூன்று முஷ்டி, அதாவது ஒரு ராசி. சீனர்கள் இதை 'ஆண்டு மீன்' என்றே அழைத்தார்கள். பெயரே நாள்காட்டி. பாபிலோனில் இது மர்துக், அவர்களுடைய தலைமைத் தெய்வம். கிரேக்கத்தில் சீயஸ், அவரும் தலைவர். வெள்ளி இதைவிடப் பிரகாசமானதுதான், ஆனால் சூரியனை விட்டு விலக முடியாத கோள். நள்ளிரவிலும் உச்சியில் நின்று நிதானமாக ஆளுகிற பிரகாசம் வியாழனுடையது.

சனிக்கு ஒரு சுற்று 29.46 ஆண்டு. ஒரு ராசியைக் கடக்க இரண்டரை. மூன்று ராசிக்கு ஏழரை. ஆம், அந்த ஏழரை இந்தப் பெருக்கலில்தான் பிறந்தது. 'சனைச்சரன்' என்றால் மெல்லச் செல்பவன். பேச்சுவழக்கில் அது 'சனீஸ்வரன்' ஆகி, நடைக்கு வைத்த பெயரில் ஈஸ்வரப் பட்டம் ஏறிவிட்டது. பாபிலோனியரும் 'கயமானு' என்றார்கள், நிலையானவன். இங்கே 'மந்தன்' என்ற பெயரும் உண்டு. சங்கத்தார் நிறத்தைப் பார்த்து 'மைம்மீன்' என்றார்கள். சனி உண்மையில் கறுப்பில்லை, மங்கிய மஞ்சள். வியாழனுக்கும் வெள்ளிக்கும் பக்கத்தில் வைத்தால் சோகையாகத் தெரியும், அவ்வளவுதான்.

இரண்டும் ஏறக்குறைய 20 ஆண்டுக்கு ஒரு முறை சந்திக்கும். 2020 டிசம்பர் 21 அன்று ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்குவரை நெருங்கின. வியாழனின் ஐந்து சுற்றும் சனியின் இரண்டு சுற்றும் சேர்ந்தாற்போல் முடிவது 60 ஆண்டை ஒட்டி. பிரபவ முதல் அட்சய வரை நம் ஆண்டுப் பட்டியல் அறுபதோடு திரும்புகிறதே, அது வியாழனின் சக்கரம்.

படி 7: புதன்

இருப்பதிலேயே பிடிபடாதது. சூரியனிலிருந்து 28 பாகைக்கு மேல் விலகாது, பல சுற்றுகளில் 18-ஓடு திரும்பிவிடும். சூரியன் முழுக்க மறைந்த பிறகு முக்கால் மணி நேரத்துக்குள் தேடிவிட வேண்டும். கிடைத்தால் ஒன்றிரண்டு வாரம், பிறகு ஓடிவிடும். பைனாகுலர் வைத்துத் தேடுவதாக இருந்தால் சூரியன் மறைந்ததை உறுதிசெய்துகொண்டுதான் எடுக்க வேண்டும். இதில் விளையாட்டு வேண்டாம், கண் போய்விடும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சலுகை உண்டு: கோள்களின் பாதை இங்கே அடிவானத்திலிருந்து ஏறக்குறைய செங்குத்தாக எழுவதால் புதன் சற்று உயரமாக நிற்கும்.

இதன் பெயர்களில் சில ஓட்டம் பற்றியவை. பாபிலோனில் 'ஷிஹ்து', துள்ளுபவன். கிரேக்கத்தில் தூதன் ஹெர்மிஸ். வெள்ளியைப் போலவே இதற்கும் கிரேக்கர்கள் காலையில் அப்பல்லோ, மாலையில் ஹெர்மிஸ் என்று இரண்டு பெயர் சொன்னார்கள். இன்னொரு ஒற்றுமையும் உண்டு. பாபிலோனில் இது நபு, எழுத்தர்களின் தெய்வம். இங்கே புதன் என்றால் அறிவுள்ளவன், தமிழில் 'அறிவன்'. எழுத்தும் அறிவும் ஏன் இந்தச் சின்னக் கோளுக்குப் போயின? இதைத் தேடிப் பிடிக்கவே அவை இரண்டும் வேண்டியிருந்ததால்தானோ என்று நான் வேடிக்கையாக நினைத்துக்கொள்வதுண்டு.

படி 8: பழைய நோட்டிலிருந்து வருங்காலம்

பல ஆண்டுக் குறிப்பு சேர்ந்ததும் பாபிலோனியர்களுக்கு ஒரு குறுக்குவழி கிடைத்தது. வெள்ளி 8 ஆண்டுக்கு ஒரு முறை அதே இடத்தில், அதே பருவத்தில், அதே வேலையைச் செய்கிறது. புதனுக்கு 46 ஆண்டு, சனிக்கு 59, வியாழனுக்கு 71 அல்லது 83, செவ்வாய்க்கு 47 அல்லது 79. அடுத்த ஆண்டு வெள்ளி எப்போது மறையும் என்று தெரிய வேண்டுமா? எட்டு ஆண்டுக்கு முந்தைய பலகையை எடுத்துப் பார். செவ்வாய்க்கு உன் தாத்தா காலத்துப் பலகை வேண்டும். இப்படி ஒவ்வொரு கோளுக்கும் உரிய பழைய ஆண்டைத் தொகுத்துத் தனிப் பலகைகளே எழுதினார்கள். கோட்பாடு எதுவும் தேவைப்படவில்லை, நோட்டு போதுமானதாக இருந்தது.

இதை நீங்களே சரிபார்க்கலாம். வெள்ளி சூரியனின் முகத்தைக் கடந்த அபூர்வ நிகழ்ச்சி 2004 ஜூன் 8 அன்று நடந்தது. அடுத்தது 2012 ஜூன் 6. எட்டு ஆண்டு, இரண்டு நாள் முன்னதாக. வெள்ளியின் ஐந்து சுற்று 2,919.6 நாள், எட்டு ஆண்டு 2,922 நாள். அந்த இரண்டு நாள் இங்கிருந்துதான் வருகிறது. மாயர்கள் 365 நாள் ஆண்டை வைத்துக்கொண்டதால் அவர்களுக்கு 5 × 584-உம் 8 × 365-உம் ஒரே 2,920-இல் வந்து நின்றன. அதைப் பதின்மூன்று மடங்காக்கினால் 37,960 நாள். அது அவர்களுடைய 260 நாள் சடங்கு ஆண்டாலும் மீதியின்றி வகுபடும். எண்ணைக் கண்டு ஒருவர் எழுந்து ஆடியிருப்பார்.

சீனாவில் மவாங்துய் கல்லறையிலிருந்து 1973-இல் ஒரு பட்டுச் சுவடி கிடைத்தது. கல்லறை மூடியது கி.மு. 168-இல். கி.மு. 246 முதல் 177 வரை வெள்ளி, வியாழன், சனி நின்ற இடங்கள் அதில் இருக்கின்றன. வெள்ளியின் சுற்றை 584.4 நாள் என்று கணித்திருக்கிறார்கள். அரை நாள்கூடப் பிசகவில்லை.

பாபிலோனியர்கள் இதற்கும் மேலே போனார்கள். வியாழன் 60 நாளில் எவ்வளவு தூரம் நகரும் என்பதை ஒரு சரிவகத்தின் பரப்பாகக் கணக்கிட்ட பலகைகள் கி.மு. 350-க்கும் 50-க்கும் இடைப்பட்டவை. இதைப் படித்து விளக்கியது 2016-இல்தான். ஐரோப்பாவில் அதே உத்தி 14-ஆம் நூற்றாண்டில்தான் தலைகாட்டியது.

படி 9: வேகத்திலிருந்து வரிசை, வரிசையிலிருந்து வாரம்

இதற்குள் உங்கள் நோட்டில் வேகங்கள் வந்திருக்கும். மெல்லப் போவது தொலைவில் இருக்கும் என்று கிரேக்கர்கள் கொண்டார்கள். பூமியை நடுவில் வைத்து வெளியிலிருந்து உள்ளே எண்ணினால்: சனி, வியாழன், செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன், நிலவு.

இப்போது ஒரு நாளின் 24 மணிக்கும் இந்த வரிசையில் ஒவ்வொருவரைக் காவல் வையுங்கள். முதல் மணி யாருடையதோ அந்த நாள் அவர் பெயரில். சனியில் தொடங்கினால் அந்த நாள் சனிக்கிழமை. ஏழு பேர் மூன்று சுற்று வந்தால் 21 மணி தீரும். மீதி மூன்று மணிக்கு சனி, வியாழன், செவ்வாய். அடுத்த நாளின் முதல் மணி சூரியனுக்கு: ஞாயிறு. ஞாயிறிலிருந்து மூன்று தள்ளினால் நிலவு: திங்கள். அதிலிருந்து மூன்று தள்ளினால் செவ்வாய். பிறகு புதன், வியாழன், வெள்ளி, மறுபடி சனி. ஒரு தாளில் ஏழு பேரையும் வட்டமாக எழுதி விரலால் எண்ணிப் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

ரோம வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் இந்த விளக்கத்தை எழுதி வைத்தார். இந்தியாவில் கிழமையோடு தேதியிட்ட மிகப் பழைய கல்வெட்டு மத்தியப் பிரதேசத்தின் எரானில் உள்ள, குப்த மன்னர் புதகுப்தன் காலத் தூண், கி.பி. 484. அதில் வருவது 'தேவகுருவின் நாள்', அதாவது வியாழக்கிழமை. இன்றும் ஜப்பானியர் செவ்வாய்க்கிழமையைத் தீயின் நாள் என்கிறார்கள், சீனர் அந்தக் கோளுக்கு வைத்த பெயரால்.

இந்த ஏழு பேரோடு பட்டியல் வெகுகாலம் நின்றது. நல்ல இருட்டில், கூர்மையான கண்ணுக்கு யுரேனஸும் மங்கலாகத் தெரியும்தான். ஆனால் அது ஒரு சுற்று வர 84 ஆண்டு எடுத்துக்கொள்கிறது. 1690-இல் ஆங்கிலேய வானியலாளர் ஜான் ஃபிளாம்ஸ்டீட் தொலைநோக்கியில் அதைப் பார்த்தும் ரிஷப ராசியின் ஒரு நட்சத்திரம் என்றே பட்டியலில் சேர்த்தார். 1781-இல் வில்லியம் ஹெர்ஷல் அது நகர்வதைக் கண்டபோது முதலில் வால்மீன் என்று நினைத்தார், கோள் என்று தெரிந்த பிறகு மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரை வைக்க விரும்பினார். கடைசியில் நிலைத்தது சனியின் தந்தையான யுரேனஸின் பெயர். அந்தக் கோளின் நிறம் வெளிர் பச்சை கலந்த நீலம். இரண்டு பெயரிலும் அது இல்லை.